கொடியும் சீட்டும்: கடலூர்க் கரையில் கப்பல் பதிவின் கதை

2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் அரபிக்கடலில் சாய்ந்து மூழ்கியது. அதில் ஏறக்குறைய 640 கொள்கலன்கள் இருந்தன. அடுத்த சில நாட்களில் திருவனந்தபுரம் தொடங்கி கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. கப்பலை இயக்கிய நிறுவனத்தின் தலைமையகம் ஜெனீவாவில். கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. லைபீரியக் கப்பல் பதிவேட்டை நடத்தும் அலுவலகமோ அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். கேப்டன் ரஷ்யர், மற்ற மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. கொடி கொடுத்த நாட்டை அசைக்கவும் வழியில்லை. அதே குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு கப்பல் விழிஞ்ஞத்தில் நின்றிருந்தது. நீதிமன்றம் அதைத்தான் பிடித்து வைக்க உத்தரவிட்டது.

கப்பல் ஓரிடம், முதலாளி ஓரிடம், கொடி வேறிடம் என்ற இந்த ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கரையின் வரலாற்றைப் படித்தவர்கள் அப்படி எழுதத் தயங்குவார்கள். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையிலும், கெடிலமும் உப்பனாறும் கூடும் கடலூர் முதுநகரிலும் சொந்தக் கப்பல் வைத்திருந்த வணிகர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிறர் சீட்டில், பிறர் பாதுகாப்பில் கப்பல் ஓட்டியவர்கள். அந்தக் கப்பல்கள் எப்படி இல்லாமற்போயின என்பதற்குப் பீரங்கியும் நீராவியும் பாதிக் காரணமே. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தக் கரையின் கடலோட்டம் பழையது. கடலூருக்கு வடக்கே உள்ள அரிக்கமேட்டைத்தான் 'பெரிப்ளூஸ்' கூறும் பொதுகே என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போன பெரிய கலங்களை முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கிரேக்க நூல் குறிப்பிடுகிறது. சிதம்பரம் நடராசர் கோயிலில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காம்போச மன்னன் காட்சிப்பொருளாகக் கொடுத்த ஒரு கல்லைக் கோயிலில் வைத்த செய்தியை அது சொல்கிறது. இன்றைய கம்போடியாவிலிருந்து தில்லைக்கு ஒரு கல் வந்து சேர்ந்தது என்றால் வழியில் எத்தனை துறைகள், எத்தனை கைகள்! 1088இல் சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. வந்திறங்கும் கலத்தின் நாயகனும் உடன் வருவோரும் பொன்னில் கட்ட வேண்டிய தீர்வை என்ன என்று அது விதிக்கிறது. விதிப்பவர்கள் வணிகர்களே என்பதும், தீர்வை துறையில் இறங்கும்போதுதான் என்பதும் கவனிக்க வேண்டியவை. கடல்மேல் செல்வதற்கே ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தக் கல்லில் இடமில்லை.

அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'கர்த்தாஸ்' என்ற சீட்டு முறையை அவர்கள் இந்தியப் பெருங்கடலில் நடைமுறைப்படுத்தினார்கள். கப்பலின் அளவு, நாகுதா எனப்பட்ட கப்பல் தலைவனின் பெயர், ஆட்கள், ஆயுதங்கள், போகும் துறை, ஏற்றக் கூடாத சரக்கு எல்லாம் அதில் எழுதப்பட்டன. சீட்டில்லாத கப்பல் நடுக்கடலில் அகப்பட்டால் கப்பலும் போயிற்று, சரக்கும் போயிற்று. சீட்டுக்குக் கட்டணம் சொற்பம்தான். சீட்டு வாங்கிய கப்பல் அவர்கள் சொல்லும் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டியாக வேண்டும் என்பதில்தான் வருமானம் இருந்தது.

டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தபின் அதே சீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். மலாய்த் தீபகற்பத்தின் தகரமும் ஆச்சேயின் மிளகும் அவர்களுக்கு ஏகபோகமாக வேண்டியிருந்தன. பரங்கிப்பேட்டை வணிகர் நீலத்துணியும் கட்டம்போட்ட துணியும் ஏற்றிக்கொண்டு கெடாவுக்கோ பேராக்குக்கோ போக நினைத்தால் அந்தத் துறையின் பெயர் சீட்டில் இருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் அதை எழுத மறுத்தார்கள். அல்லது மலாக்காவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம், சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றி 1986இல் வெளியிட்ட நூலில் இந்த இழுபறியைக் கம்பெனி ஆவணங்களிலிருந்து விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த நூலில் என்னை நிறுத்தி வைப்பது வணிகர்களின் சாமர்த்தியம். டச்சுச் சீட்டு கிடைக்காவிட்டால் ஆங்கிலேயரிடம் வாங்குவது, ஆங்கிலேயர் மறுத்தால் டேனியரிடம் போவது, எதுவும் கிடைக்காவிட்டால் துணிந்து ஓட்டிவிடுவது. மரைக்காயர்கள் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களும் செட்டிகளும் இப்படித்தான் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டையைச் சோழமண்டலத்தின் முன்னணித் துறைகளில் ஒன்றாக்கினார்கள். யானை, தகரம், பாக்கு, மிளகு, சாம்பிராணி எல்லாம் இங்கே இறங்கின.

இவ்வளவு பெரிய வணிகம் நடந்த துறைக்கு உரிய அரசன் ஏன் தன் கப்பல்களுக்குத் தானே சீட்டு எழுதவில்லை? செஞ்சிக் கோட்டையின் கதையைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பிஜாப்பூர் கைக்குப் போனது. 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் முகலாயர் வசமானது. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் மூன்று முறை ஆட்சி மாறியது. வந்தவர்கள் எல்லோரும் துறைமுகச் சுங்கத்தை விடாமல் வாங்கினார்கள். நடுக்கடலில் தம் வணிகருக்காகக் குரல் கொடுக்க இந்தக் கரையில் அவர்களிடம் கடற்படை இருக்கவில்லை. சீட்டு என்பது காகிதம்தான். அதை மீறினால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற அச்சமே அதற்கு மதிப்பு. சுங்கம் வாங்கியவர்கள் அந்த அச்சத்தை உண்டாக்கவில்லை. தமிழ்க் கடல் வணிகத்தின் பெரிய இழப்பு இங்கேதான் தொடங்கியது என்பது என் முடிவு. கப்பல்கள் பிறகுதான் போயின.

1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் சேரும் என்பது உடன்படிக்கை. நல்ல பீரங்கியும் தேர்ந்த பீரங்கிக்காரனும் தேடி எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. கடலூரும் அந்த எல்லைக்குள் வந்தது. வாங்கிய கோட்டை செயின்ட் டேவிட் கோட்டை ஆயிற்று. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதிலிருந்து 1752வரை சோழமண்டலத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் இருந்தது. நிலத்தில் குண்டு தூரத்துக்கு எல்லை இருந்தது. அதே கம்பெனி எழுதிக் கொடுத்த சீட்டு போன தூரத்துக்கு அப்படி எல்லை கிடையாது.

வடக்கே புதுச்சேரியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்குச் சொந்தக் கப்பல் இருந்தது. ஆனந்தப்புரவி என்று அதற்குப் பெயர். பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள் கப்பல்கள் வருவதையும் பிடிபடுவதையும் பற்றிய கவலை அதில் எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்க்கலாம். பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஐரோப்பாவில் சண்டை மூண்டால் பிரெஞ்சுப் பாதுகாப்பில் ஓடிய தமிழ் வணிகரின் சரக்குக்கும் ஆபத்து. எங்கோ மூண்ட போருக்கு இங்கே கப்பல் பறிபோகும் நிலைமை. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. சமாதானத்தின் பூர்வாங்க ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேருமுன் இங்கே மனிதர்கள் செத்தார்கள்.

இதே காலத்தில் சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் நடந்தது, இன்றைய கப்பல் பதிவைப் புரிந்துகொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சான்று. 1620இல் டேனியர் அமைத்த சிறு குடியிருப்பு அது. டென்மார்க் பெரிய போர்களில் நடுநிலை காத்தது. போரிடும் நாடுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தபோது டேனியக் கொடி பறந்த கப்பல் தப்பித்துப் போகும். எனவே அந்தக் கொடிக்கு விலை ஏறியது. டேனிய வரலாற்றாசிரியர் ஓலே ஃபெல்ட்பெக் 1772 முதல் 1808வரை டேனியக் கொடியில் நடந்த இந்திய வணிகத்தை ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்டார். ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் இங்கே சேர்த்த சொந்தப் பணத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப டேனிய வணிகத்தைப் பயன்படுத்தியதையும், போர்க்காலத்தில் பத்தாவியாவுக்கும் மொரீஷியஸுக்கும் போன கப்பல்கள் டேனியக் காகிதத்தில் ஓடியதையும் அவர் காட்டுகிறார். காகிதத்தில் உரிமையாளர் டேனியக் குடிமகன். முதல் போட்டவர் வேறொருவர்.

பரங்கிப்பேட்டை மரைக்காயரையும் தரங்கம்பாடிக் கொடியில் ஒளிந்த ஐரோப்பிய முதலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரைக்காயர் தமக்குத் துணைநிற்க அரசு இல்லாததால் வலுத்தவரின் சீட்டைத் தேடிப் போனார். ஐரோப்பிய முதலாளிக்கு வலுவான அரசு இருந்தது. அதன் கட்டுப்பாட்டிலிருந்தும் பகையிலிருந்தும் விலகவே வலுக்குறைந்த நாட்டின் கொடியை வாங்கினார். இன்று உலகக் கடல்களை ஆள்வது இந்த இரண்டாவது வகை. தரங்கம்பாடியின் கொடி வணிகத்தை ஆங்கிலேயர் 1801இலும் 1808இலும் ஊரையே கைப்பற்றி முடித்துவைத்தார்கள். 1845இல் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் விற்றுவிட்டுப் போனது.

மரைக்காயர்கள் என்ன ஆனார்கள்? ஒரு பகுதியினர் வணிகத்தோடு தாங்களும் இடம்பெயர்ந்தார்கள். 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்தபோது சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே திரண்டார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதர் முகைதீன் மரைக்காயர் அவர்களுக்குத் தலைவராகி, 1801 அளவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவினார். சொந்த ஊரில் சுருங்கிய வணிகம் அக்கரையில் ஒரு தெருவுக்கே பெயர் தந்தது. ஜெ. ராஜா முகமது சோழமண்டல முஸ்லிம்களின் கடல் வரலாற்றை 1740 முதல் 1900வரை எழுதியிருக்கிறார். இந்தச் சுருக்கத்தையும் இடப்பெயர்ச்சியையும் அதில் தொடரலாம்.

அடுத்த அடி சட்டமாக வந்தது. 1823இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலேயே பிறந்திருந்தாலும் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்பட மாட்டார்கள். கப்பல் பிரிட்டிஷ் கப்பலாக எண்ணப்பட அதில் குறிப்பிட்ட பங்கு பிரிட்டிஷ் மாலுமிகள் வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. இந்திய மாலுமிகளைக் கொண்டு ஓடிய கப்பலுக்கு அந்தத் தகுதி எட்டாமற்போனது. 1841இல் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு கப்பல் பதிவுச் சட்டம் வந்தபோது தோணியும் பாய்க்கப்பலும் வைத்திருந்தவர்கள் கரையோர வணிகத்துக்குள் ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு நீராவிக் கப்பல்களும், 1870களின் இறுதியில் கடலூர் வழியாகத் தெற்கே நீண்ட ரயில் பாதையும் வந்தன. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய துணிச்சலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். கட்டணத்தைக் குறைத்து அடித்த பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் பின்னால் மாவட்ட ஆட்சியர் இருந்தார், வ.உ.சி.க்கு 1908இல் சிறை.

விடுதலைக்குப் பின் 1958இல் இந்திய வணிகக் கப்பல் சட்டம் வந்தது. அதன்படி பதிவாகும் கப்பல் பத்துப் பங்குகளாகக் கருதப்படும். பெயர் முகப்பின் இரு பக்கமும், பதிவுத் துறைமுகம் பின்புறமும் எழுதப்பட வேண்டும். பதிவெண்ணும் கொள்ளளவும் முதன்மை உத்தரத்தில் வெட்டப்பட வேண்டும். கப்பலின் உரிமை முழுவதும் இந்தியர்களிடம் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சீட்டுக்காக அலைந்த கரைக்கு இது சிறிய செய்தியல்ல. கொடி கிடைத்தது, சரக்கு கிடைக்கவில்லை. 1987-88இல் இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை இந்தியக் கப்பல்கள் சுமந்தன. 2018-19இல் அது 8 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கடன் வட்டி, வரி, ஆட்செலவு எல்லாம் இந்தியக் கொடியில் கூடுதல் என்று முதலாளிகள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டம் உரிமை விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. கப்பல்களை இழுப்பதற்காகத் தளர்த்தும்போது மாலுமிக்கான பொறுப்பும் சேர்ந்து தளர்ந்துவிடக் கூடாது என்பதில் கண் வைத்திருக்க வேண்டும்.

கப்பல்கள் எங்கே போயின? 1922இல் அமெரிக்காவின் இரண்டு பயணிகள் கப்பல்கள் பனாமாவில் பதிவாயின. மதுவிலக்கு அமலில் இருந்ததால் அமெரிக்கக் கொடியில் மது பரிமாற முடியவில்லை என்பதே காரணம். 1948இல் லைபீரியாவின் பதிவேடு அமெரிக்கர்களின் முன்முயற்சியில் உருவானது. இன்று லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றின் கொடியில் மட்டும் உலகக் கப்பல் கொள்ளளவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஓடுகிறது. கடலே இல்லாத மங்கோலியாவும் சிங்கப்பூரில் அலுவலகம் வைத்துக் கப்பல் பதிவு செய்தது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 91ஆம் பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தொடர்பு எது, இல்லாவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

நம் கடலிலேயே அதன் விளைவைக் கண்டோம். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. முதலாளி அமெரிக்க நிறுவனம். கொடி சியரா லியோன். உள்ளே கடற்கொள்ளைக்கு எதிரான காவலுக்கென ஆயுதங்கள். மாலுமிகளும் காவலர்களுமாக 35 பேர், பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று பல நாட்டினர். 2016இல் ஐந்தாண்டுத் தண்டனை, 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலை. இடைப்பட்ட காலத்தைச் சிறையிலும் பிணையிலும் கழித்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அவர்களை விடுவிக்கப் போராடியவர்கள் அவரவர் குடும்பங்களும் அவரவர் நாட்டுத் தூதரகங்களும்; கொடி நாடு முன்னால் நின்றதாக நான் அறிந்தவரை யாரும் பேசவில்லை.

அதைவிடப் பரவலான துன்பம் கைவிடப்படுதல். சரக்குக் கூலி சரிந்துவிட்டால், கடன் கைமீறினால், கப்பல் பழசாகிவிட்டால், முதலாளி தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுகிறார். மாலுமிகள் ஏதோ ஒரு துறைக்கு வெளியே நங்கூரத்தில் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். கப்பலை ஆளில்லாமல் விட முடியாது என்று துறைமுகம் இறங்க விடாது. குடிநீரும் டீசலும் தீரும். 2024இல் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கும் மேற்பட்ட மாலுமிகள் இப்படிக் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் எந்த நாட்டாரையும்விட இந்தியர்களே அதிகம். 1823இல் லஸ்கரைக் கணக்கிலிருந்து எடுத்தது சட்டம். இப்போது அந்த வேலையைக் கொடி செய்கிறது.

கடலூர் மாவட்டத்துக் கரையோர ஊர்களின் பிள்ளைகளும் பிளஸ் டூ முடித்துக் கடன் வாங்கிக் கடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கப்பலுக்குப் போகிறார்கள். கடலூர் முதுநகர்த் துறையில் மத்திய அரசின் சாகர்மாலா துறைமுக மேம்பாட்டுத் திட்டத்தில் படகுத்துறை விரிவானதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். துறைக்கு வரும் கப்பலைப் பற்றிய பேச்சில் கால்வாசியாவது அதில் ஏறிப் போகும் பையனைப் பற்றியும் வேண்டும். சர்வதேச உடன்படிக்கைகளில் அவனுக்குச் சில பிடிகள் உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பலில் நிதிக்காப்பு இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காப்புச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்னே பார்க்க வேண்டியவையும் உண்டு. வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டிடம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் வழங்கிய உரிமம் இருக்கிறதா என்று அந்த இயக்குநரகத்தின் பட்டியலில் பார்க்கலாம். உரிமம் பெற்ற ஏஜெண்ட் வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலே அது தப்பான இடம். ஒப்பந்தத்தில் கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. எக்வாசிஸ் என்ற இலவச இணையத் தளத்தில் அதைத் தட்டினால் கப்பலின் வயது, இப்போதைய கொடி, பழைய கொடிகள், உரிமையாளர், எந்தத் துறையில் என்ன குறைக்காகப் பிடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நாலு கொடி மாறிய கப்பல் என்றால் பரங்கிப்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ இருக்கும் அந்த வீட்டில் பணம் கட்டுவதற்கு முன்பே யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.